இலையில் இல்லை

கோரையாற்றுச் சட்ரஸில் நான் லஸ்கர்.
பதினோரு கதவு, கிரீஸ் காயாத பற்சக்கரம்,
கொட்டகைக்கும் மதகுக்கும் நடுவே
ஒரு திராட்சைக் கொடி.
நெல்லைத் தவிர வேறு நினைப்பில்லாத மண்ணில்
இதற்கென்ன வேலை என்று கேட்காதவர் இல்லை.
கம்பத்தில் பெண்ணெடுத்தவன் நான்.
அவளோடு வந்தது, ஈரச்சாக்கில் சுற்றிய
முழ நீளக் குச்சி.

போன வைகாசியில் இலை எரிந்தது.
நரம்பு மட்டும் பச்சை.
நரம்புக்கும் நரம்புக்கும் இடையே
புலிவரியாய் மஞ்சள், மஞ்சளுக்குள் பழுப்பு,
விரலில் நசுக்கினால் அப்பளம்.
காய்களின் மேல் பொடிப்புள்ளி,
அம்மை வார்த்த முகம்.

மருந்துக்கடை வைரக்கண்ணு
இலைமேல் அடி என்றார். அடித்தேன்.
இலைக்கு அடியில் அடி என்றார். அடித்தேன்.
மயில்துத்தம் படிந்த இலைகள்
நீலத்தோடே எரிந்தன.

பத்து இலையைத் தினத்தாளில் மடித்து
தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.
மெஹர்நிஷா மேடம் லென்ஸில் வைத்துப் பார்த்தார்,
தட்டில் வளர்த்துப் பார்த்தார்,
பத்தாம் நாள் போனில் சொன்னார்:
"இலையில் இல்லை."
எதுங்க?
"பூஞ்சை. இலையில் இல்லை.
கட்டையைக் கொண்டாங்க."

அறுத்துக் கவிழ்த்தபோது
நடுவில் பாலில் ஊறிய ரொட்டியாய் வெள்ளை,
சுற்றிலும் ஒரு கரிக்கோடு,
ஓரத்தில் பழுப்பு முக்கோணம்,
யாரோ ஆப்பு இறக்கியது போல.
அங்கங்கே மிளகுமிளகாய்க் கறுப்பு.
தொட்டால் பிசின்.

"குடியிருப்பது இங்கே.
அது மேலே போகாது.
அது காய்ச்சுகிற நஞ்சுதான்
சாறோடு ஏறிப் போகும்.
தன்னைக் கொன்றதை
இலை ஒருநாளும் பார்த்ததில்லை.
அப்படித்தான் நினைக்கிறோம்" என்றவர்
கையுறையைக் கழற்றியபடி,
"முழுசா நிரூபிக்கலை" என்றார்.
அந்தக் கடைசிப் பேச்சுக்காகவே அவரை நம்பினேன்.

மற்றதை எனக்கு விளக்க வேண்டாம்.
இருபத்திரண்டு வருஷம் கதவு தூக்கியவன்.
தலைமடையில் கலந்தது
கடைமடையில் கருகலாய் நிற்கும்.
அதிகாரி வந்து கருகலைப் படம் பிடிப்பார்.

"வெட்டுக்காயம் உண்டா? மழையில் வெட்டினீங்களா?"

நாலு ஐப்பசிக்கு முன்னால்,
செயற்பொறியாளர் ஜீப் வருகிறது,
அளவுப்பலகையைக் கொடி மறைக்கிறது என்று
ஓவர்சியர் கத்தினார்.
தொடைத் தடிமன் கிளை.
சங்கிலி அறுத்த ரம்பம். கொட்டுகிற மழை.
அறுத்து முடித்து நனைந்து நின்றேன்.
ஜீப் வடுவூரோடு திரும்பிவிட்டது.

காயம் ஆறிவிட்டதாகத்தான் நினைத்தேன்.
பட்டை வந்து மூடியிருந்ததே.

இந்த ஆனியில் தண்ணீர் வந்தது.
நுரையும் செத்தையும் ஒற்றைச் செருப்புமாய்
முதல் தண்ணீர்.
வேர் ஆசையாய்க் குடித்திருக்க வேண்டும்.
அடுத்த நாள் மதியம், ஒரே மதியம்,
வெந்நீர் ஊற்றியது போல்
குலையோடு தொங்கிப்போனது வடக்குக் கை.

வெள்ளைக் கட்டை தெரியும்வரை அறுக்கச் சொன்னார்.
வெயில் நாளில். அறுத்ததை எரித்துவிட வேண்டும்.
நெஞ்சளவில் அறுத்தேன், பழுப்பு.
இடுப்பளவில், பழுப்பு.
முழங்காலில் வந்தது வெள்ளை,
நல்ல, ஈரமான வெள்ளை.
அதில் ஒரே ஒரு மிளகு.

அப்போதுதான் போன்.
கடைமடை குஞ்சிதபாதம்:
"கதவு தூக்கிட்டீங்களா இல்லையா?
இங்க நண்டு வளையில்கூட ஈரமில்லை."
தூக்கியாச்சு என்றேன். உண்மைதான்.
நடுவில் எங்கே நிற்கிறதென்று
எனக்கும் தெரியாது.
நம்பாமல் வைத்தார்.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் கட்டை,
அப்புறம் மண்.
ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு
அந்த ஒற்றை மிளகை நகத்தால் சுரண்டினேன்.
நகக்கண்ணுக்குள் போயிற்று.

அதே கையால்
ஏழாம் கதவை
இன்னும் ஒரு சுற்று ஏற்றினேன்.